எங்கள் கொல்லை உடும்புக்கு என்ன ஆயிற்று?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் கழனி. கிணற்றுப் பாசனத்தில் முள் கத்திரியும் நிலக்கடலையும் போடுகிறோம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடிக் கத்திரிதான். மேட்டுக் கொல்லையில் மாமரங்கள். கொல்லையின் கோடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கரையான் புற்றும், அதை ஒட்டி இரண்டு பனைமரங்களும் நிற்கின்றன. அந்தப் பனையடிதான் ஓர் உடும்பின் வீடு. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதை நாங்கள் வளர்க்கவில்லை, வளர்க்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி அது. புலிக்கும் யானைக்கும் எந்தப் பாதுகாப்போ அதே பாதுகாப்பு உடும்புக்கும் உண்டு. ஆனாலும் தினமும் ஒரே இடத்தில் பார்த்துப் பழகிய உயிர் நம் வீட்டு உயிர்போல ஆகிவிடுகிறது. அதற்கு ஒன்று என்றால் மனம் பதறத்தான் செய்கிறது.

அதன் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பிராணியின் சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல், அது வித்தியாசமாக நடந்துகொள்கிறதா என்று சொல்லவே முடியாது. வெயில் சற்று ஏறியபின் வெளியே வந்து, பாறைமேல் உடம்பைத் தட்டையாகப் பரப்பிக் காயும். உடம்பு சூடானதும் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தபடி வரப்போரமாக நடக்கும். எருக்குழியைக் கிளறி வண்டுப் புழு தின்னும். வாய்க்காலில் நண்டு, நத்தை, தவளை எது கிடைத்தாலும் விடாது. உச்சிவெயிலில் நிழலுக்குள் போய்விடும், மாலையில் இன்னொரு சுற்று வரும், இருட்டுவதற்குள் வளையில் இருக்கும். ஆள் அரவம் கேட்டால் தூரத்திலேயே ஓடிவிடும். மார்கழி, தைக் குளிரில் பல நாள் கண்ணிலேயே படாது.

இதெல்லாம் ஓர் ஆடி மாதத்தில் தலைகீழாக மாறியது. உச்சிவெயிலில் வெட்டவெளியில் நின்றது. வரப்பைக் கொஞ்சம் தோண்டும், விட்டுவிடும். பம்புசெட் ஓரம் தோண்டும், விட்டுவிடும். எருக்குழிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. எல்லாவற்றையும்விட, ஆளைக் கண்டு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பை ஊதிக்கொண்டு, பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல் நீளமாகச் சீறியது.

முதலில் கவனித்தவர் என் மாமனார்தான். "இன்னாமா இது, ஆளைப் பாத்தும் ஓடாம அங்கியே கீது? எலி மருந்து கிது தின்னுடுச்சா?" என்றார்.

"கிட்டப் போவாதீங்க மாமா. நாக்கை நீட்டுதான்னு மட்டும் அங்கிருந்தே பாருங்க" என்றேன்.

என் கொழுந்தனார் வேறு யோசனை வைத்திருந்தார். "அண்ணி, சாக்குல பிடிச்சி வீட்டுக்கு எடுத்தாந்துடலாம். முட்டைய ஒடைச்சி ஊத்தினா தேறிக்கும்" என்றார். பக்கத்துக் கழனிக்காரர் நல்லபாம்பு கொத்தியிருக்கும் என்று உறுதியாகச் சொன்னார். எதிர்வீட்டுப் பெரியவர் உடும்பின் மூச்சுக்காற்றே விஷம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே என்றார். மூச்சில் விஷமெல்லாம் கிடையாது. கடித்தால் காயம் ஆழமாக இருக்கும், சீழ் பிடிக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பயப்பட வேண்டியது பல்லுக்கும் வாலடிக்கும்தான்.

எனக்கு முதலில் மருந்துச் சந்தேகம்தான் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. கத்திரித் தோட்டங்களில் காய்ப்புழுவுக்கு மருந்து அடிப்பார்கள். மருந்து பட்ட பூச்சியையோ விஷம் தின்று செத்த எலியையோ உடும்பு தின்றால் அந்த விஷம் அதன் உடம்பிலும் ஏறும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்தேன். எந்த நேரம், எந்த இடம், என்ன செய்கிறது, வயிறு எப்படி இருக்கிறது, எச்சம் எங்கே போட்டது என்று எழுதினேன். இப்படிச் சந்தேகம் வரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நம் ஞாபகம் நாம் பயப்படுவதை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். எழுதிவைத்தால் அப்படி ஆகாது.

எழுதியதில் சில விஷயங்கள் தெளிவாயின. நாக்கை விடாமல் நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. உடும்புக்கு வாசனை தெரிவதே நாக்கின் வழியாகத்தான். அந்தப் பிளவுபட்ட நாக்கு காற்றிலிருந்து வாசனைத் துகள்களை எடுத்து மேலண்ணத்தில் உள்ள உறுப்பிடம் கொடுக்கிறது. நோய்ப்பட்ட உடும்பு பெரும்பாலும் நாக்கை நீட்டாமல் கிடக்கும். இது நீட்டியது. கண் குழிவிழவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால் கண் உள்ளே போகும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கட்டிதட்டும். இதன் எச்சம் கறுப்பும் வெள்ளையுமாகச் சரியாகவே இருந்தது. பின்கால் இழுபடவில்லை, நடுக்கமில்லை, வாயில் நுரையில்லை. வாலைப் பக்கவாட்டில் வளைத்து அடிக்கத் தயாராக நின்றது. விஷம் ஏறிய பிராணிக்கு இவ்வளவு தெம்பு இருக்காது.

வெயிலும் காரணமாகத் தெரியவில்லை. வேலூர் வெயில் ஊரறிந்தது, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். உடம்பு மிஞ்சிச் சூடானால் உடும்பு வாயைப் பிளந்துகொண்டு தொண்டையை வேகமாக அசைத்து மூச்சு வாங்கும், நிழலையோ தண்ணீரையோ தேடி ஓடும். இது வாயை மூடிக்கொண்டு வெயிலிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. நாய்க்கடி, தோலுரிப்பு இரண்டையும் பார்த்தேன். காயம் எதுவும் தெரியவில்லை. தோல் அங்கங்கே திட்டுத் திட்டாக உரியும் காலத்தில் அது கொஞ்சம் எரிச்சலோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்போது வளையைவிட்டு வெளியே வராது.

மிச்சமிருந்தது வயிறு. பின்னங்கால்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக உப்பியிருந்தது. இரை தின்ற வயிறு சில நாளில் இறங்கிவிடும், இது இறங்கவில்லை. அதே சமயம் வாலின் அடிப்பகுதி மெலிந்துகொண்டே வந்தது. உடும்பு கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடங்களில் வாலடியும் ஒன்று. வயிறு பெருக்கிறது, வால் இளைக்கிறது, சாப்பாடு குறைகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

தெரிந்த வனக்காவலர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் பயப்படவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. "எங்கெங்க தோண்டுதும்மா? ஈர மண்ணா, காய்ஞ்ச மண்ணா? வயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கீதா? புத்து எதுனா பக்கத்துல கீதா?" என்று கேட்டார். சொன்னேன். "முட்டை வைக்க எடம் பாக்குது. யாரும் கிட்டப் போவாதீங்க. தீனியும் போடாதீங்க" என்றார்.

நம் பக்கத்து உடும்பு பெரும்பாலும் ஆனி முதல் புரட்டாசி வரையிலான காலத்தில் முட்டை வைக்கும். ஒரு முறைக்குச் சுமார் இருபது முட்டை, தோல் போன்ற ஓடு. அது மிகவும் விரும்பும் இடம் கரையான் புற்று. கரையான்கள் புற்றின் உள்ளே சூட்டையும் ஈரத்தையும் அதிகம் ஏறவிடாமல் இறங்கவிடாமல் வைத்திருக்கின்றன. முட்டை பொரிய ஏழெட்டு மாதம்வரை ஆகும். இடையில் வடகிழக்குப் பருவமழையும் மார்கழிக் குளிரும் வந்துபோகும். அத்தனையையும் தாங்கும் இடம் வேறெங்கே கிடைக்கும்? தாய் அடைகாப்பதும் இல்லை, காவலிருப்பதும் இல்லை. தான் செய்ய வேண்டிய அத்தனையையும் இடம் தேர்ந்தெடுப்பதிலேயே செய்துவிடுகிறது. அங்கங்கே தோண்டிவிட்டுப் போவதும் வீண்வேலை இல்லை. சில குழிகள் மண்ணைப் பார்ப்பதற்கு. உண்மையான குழியைச் சுற்றித் தோண்டும் வெற்றுக் குழிகள், மோப்பம் பிடித்து வரும் கீரி போன்றவற்றைத் திசைதிருப்ப உதவுகின்றன.

ஆக, அது ஓடாமல் நின்றதற்கும் காரணம் புரிந்தது. கனத்த வயிற்றோடு வேகமாக ஓட முடியாது. அதனால் நின்று சீறியது. இதைத்தான் எங்கள் பக்கத்துக் கழனிக்காரர் மதம் பிடித்ததாகவும் பாம்பு கடித்ததாகவும் நினைத்தார். ஆளைக் கண்டு ஓடாத காட்டுயிர் என்றாலே தடியெடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சினையாக இருக்கும் உடும்புகள் இப்படித்தான் எளிதாக அடிபட்டுச் சாகின்றன. ஓர் உயிரோடு இருபது உயிரும் போகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அந்த வாரமே ஜேசிபி வைத்துக் கொல்லையைச் சமன்செய்ய ஏற்பாடாகியிருந்தது. புற்றும் போயிருக்கும். மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பனைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேற்கு மூலைய விட்டுட்டு மத்தத ஓட்டச் சொல்லு. அது ரெண்டு சென்ட்டு நெலம், நமக்கு இன்னா ஆவப்போவுது" என்றார். நாய்களைப் பகலில் கட்டிப்போட்டோம். பிள்ளைகளிடம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று காரணத்தோடு சொன்னேன். காரணம் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்கிறார்கள்.

இன்னொரு விஷயம் எனக்குக் கவலையாக இருந்தது. ஆடி வெள்ளிக்கு எங்கள் ஊரில் நாகாத்தம்மன் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைப்பார்கள். நானும் வைப்பேன். அது சாலையோரப் புற்று, கோயில் புற்று. ஆனால் கொல்லைப் புற்றில் ஏதோ குடியிருக்கிறது என்ற பேச்சு பரவினால் அங்கேயும் மஞ்சள் பூசிப் பால் ஊற்ற ஆள் வந்துவிடும். முட்டை வாசனை கீரியை வரவழைக்கும், துளையில் ஊற்றும் பால் உள்ளே இருக்கும் முட்டைகளைப் பாழாக்கலாம். அதனால் ஊரில் யாரிடமும் பேசவில்லை. அம்மன்மேல் உள்ள பக்திக்கும் இதற்கும் ஒரு முரணும் இல்லை என்பது என் எண்ணம். புற்றைக் கும்பிடச் சொன்னவர்கள் அதற்குள் இருக்கும் உயிரையும் சேர்த்துத்தான் கும்பிடச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் காலை புற்றின் பக்கவாட்டில் உடும்பு தலைகீழாக நுழைந்திருந்தது. வாலும் பின்கால்களும் மட்டும் வெளியே. மண் பின்னால் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மாலையில் அந்த இடம் மூடப்பட்டிருந்தது. மூக்கால் அழுத்தி அழுத்தி மண்ணைக் கெட்டிப்படுத்தியிருந்தது, தெரியாதவர்களுக்கு அங்கே குழி இருந்ததே தெரியாது. மறுநாள் வாய்க்கால் ஓரம் நின்று வெகுநேரம் தண்ணீர் குடித்தது. வயிறு ஒட்டி, தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அதைப் பார்த்து மறுபடியும் பயந்துவிடக் கூடாது, முட்டையிட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும். ஓரிரு வாரத்தில் எருக்குழிக்குத் திரும்பியது. ஆளைக் கண்டால் ஓடவும் ஆரம்பித்தது. அது ஓடியதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன் இல்லை.

அடுத்த கோடையில் ஒரு மழை பெய்து புற்று இளகியபின் சுண்டுவிரல் தடிமனில் மஞ்சள் புள்ளிகளோடு குட்டிகள் தென்பட்டன. குட்டியின் நிறம் தாயைவிடப் பளிச்சென்று இருப்பதால் வேறு ஏதோ விஷப்பிராணி என்று அடித்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் மரத்தில் ஏறிக்கொள்ளும், பூச்சி தின்னும், யாரையும் ஒன்றும் செய்யாது.

இந்தச் சமாச்சாரம் தெரிந்து, காட்பாடியில் இருக்கும் என் சித்தி மகள் போன் செய்தாள். அவள் வீட்டில் பச்சை இகுவானா வளர்க்கிறார்கள். அது பெரிய ஓணான் போன்ற வெளிநாட்டுப் பிராணி. உடும்பு மாதிரி தடை கிடையாது, ஆனால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் செய்திருந்தார்கள். "அக்கா, பத்து நாளா எலை தின்னல. கூண்டு மூலையில சிமென்ட் தரைய பிராண்டிக்கிட்டே கீது. ஆம்பளை ஓணான் கூட இல்லியே, முட்டைக்கு வாய்ப்பே இல்லல்ல?" என்றாள்.

வாய்ப்பு உண்டு. கோழி சேவல் இல்லாமலே முட்டையிடுவதுபோல, பெண் இகுவானாவும் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். இங்கேதான் காட்டுக்கும் கூண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். எங்கள் உடும்பு இடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த இடம் போகும். கூண்டில் உள்ளதற்குப் போக்கிடம் இல்லை. தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. அதே தோண்டல், அதே பட்டினி, ஆனால் கொல்லையில் பார்த்தால் தள்ளி நிற்க வேண்டும், வீட்டில் பார்த்தால் உடனே செயல்பட வேண்டும்.

அவளிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: சுறுசுறுப்பாக இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது என்றாள். அப்படியென்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அது உள்ளே நுழைந்து திரும்பும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் மணலும் தோட்டமண்ணும் கலந்து நிரப்பி, கையால் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்கு ஈரமாக்கி, பாதி மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வைக்கச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. துவண்டாலோ, விரலும் காலும் துடித்தாலோ, முக்கியும் முட்டை வராவிட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றேன். துடிப்பு பெரும்பாலும் கால்சியம் குறைவுக்கு அடையாளம். முட்டை ஓட்டுக்கு எலும்பிலிருந்தே கால்சியம் போகிறது. இகுவானாவை ஜன்னல் கண்ணாடிக்குள் வைத்து வெயில் காட்டினால் பயனில்லை. கால்சியத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நேரடி வெயிலோ அதற்கான விளக்கோ வேண்டும்.

உள்ளூரில் ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைக்காததால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் முட்டைகள் தெரிந்தன. திரும்பி வந்து சில நாளில் டப்பிலேயே இட்டது. இணை சேராத முட்டை என்பதால் பொரிக்காது. கவலைப்பட வேண்டியது முட்டையைப் பற்றி இல்லை, தாயின் எலும்பைப் பற்றி.

இப்போது யாராவது உடும்பு விசித்திரமாக நடக்கிறது என்று சொன்னால் முதலில் மாதம் எது, நேரம் என்ன என்று கேட்கிறேன். இரண்டு உடும்புகள் பின்காலில் நிமிர்ந்து கட்டிப்பிடித்து நிற்கின்றன என்றால் அது பெரும்பாலும் இரண்டு ஆண்களின் மல்யுத்தம். கொஞ்ச நேரத்தில் ஒன்று தோற்றுப் போய்விடும், கல்லெறிய வேண்டாம். கோழிக்கூண்டுக்கு வருகிறது என்றால் முட்டை வாசனைக்கு. சாயங்காலத்துக்கு முன் முட்டையை எடுத்துவிட்டு, கூண்டின் கம்பிவலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கிப் புதைத்தால் போதும். காலைக் குளிரில் அசையாமல் கிடக்கிறது என்றால் வெயில் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும், அது இன்னும் சூடாகவில்லை.

பிடித்துக் கறிக்கும் எண்ணெய்க்கும் கொடுத்தால் காசு வரும் என்று சொல்பவர்களும் வருகிறார்கள். மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய் என்று ஏமாற்றி விற்பவர்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கிறது. கஞ்சிராவுக்கு ஒரு காலத்தில் உடும்புத் தோல் போர்த்தினார்கள். அது இசைக்காகத்தான் என்றாலும் இனி வேண்டாம் என்றே சொல்வேன். பிடிபட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கிணறு உள்ளவர்களுக்கு ஒன்று. கோடையில் தண்ணீர் தேடி வந்து படியில்லாத கிணற்றில் உடும்பு விழுந்துவிடும். நீந்தும், ஆனால் சிமென்ட் உறையில் ஏற முடியாமல் சோர்ந்துவிடும். சணல் சாக்குகளை நீளமாகத் தைத்து ஒரு முனையை மேலே கட்டி, மறுமுனை தண்ணீரில் நனையும்படி தொங்கவிடுங்கள். நகம் பிடிக்க இடம் கிடைத்தால் தானே ஏறி வந்துவிடும். ஏறவில்லையென்றால் நீங்கள் இறங்காதீர்கள், 101-க்கு அடித்துத் தீயணைப்பு வீரர்களை வரச்சொல்லுங்கள், வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள்.